அடித்தவனும் அழுதவனும் நடுவில் வாத்தியாரும்

ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலை என்றால் அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துத்தான் நானும் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அது காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கிறவரை கோர்ட்டு நடத்துகிற வேலை, இடையில் அவகாசம் கிடைத்தால் அரிச்சுவடி. ‘சார், இவன் கிள்ளிட்டான் சார்’ என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன என் சக பாவிகளே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குச் சொந்த ஊர் பெரியகுளம். வேலை கிடைத்ததோ கம்பம் பள்ளத்தாக்கில், அனுமந்தன்பட்டியைத் தாண்டி வாய்க்காலை ஒட்டியிருந்த ஒரு சின்ன ஊரில். ஓலைக் கூரை, மண் தரை, ஐந்து வகுப்பு, இரண்டு வாத்தியார். தலைமை ஆசிரியர் சங்கரலிங்கம், பிள்ளைகளுக்குப் ‘பெரிய சார்’. நான் ‘சின்ன சார்’. உயரத்தில் நான்தான் பெரியவன் என்பது வேறு விஷயம்.

முதல் விசாரணை

பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குள் சண்டை வந்தால் அவசரப்பட்டு யாரையும் தண்டிக்கக் கூடாது, மூல காரணத்தை விசாரிக்க வேண்டும் என்று. முதல் நாளே சந்தர்ப்பம் வாய்த்தது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிலேட்டு உடைந்துவிட்டது என்று அழுதான். யார் உடைத்தது என்று கேட்டேன். பக்கத்துப் பையனைக் காட்டினான். ஏனடா உடைத்தாய் என்று அவனைக் கேட்டேன். பின்னால் இருப்பவன் தள்ளினான் என்றான். பின்னால் இருந்தவனைக் கேட்டால், தன் காதுக்குள் ஒருவன் வைக்கோலை விட்டதால் திடுக்கிட்டேன் என்றான். வைக்கோல்காரன், தன் புளியங்காயை ஒருத்தி பிடுங்கிக்கொண்ட கோபம் என்றான். அவளோ, தன் சடையை யாரோ தூணில் கட்டிவிட்டார்கள், புளியங்காயைக் கடித்தால்தான் வலி மறக்கும் என்றாள்.

நான் விடவில்லை. மூல காரணத்தைத் தேடிக்கொண்டே மூன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புக்குப் போய், அங்கிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறங்கி, மதியச் சோற்று மணி அடிக்கிற சமயத்தில் சுவரோரம் உட்கார்ந்திருந்த வீராயி என்ற பெண்ணிடம் வந்து நின்றேன். நான்காம் வகுப்பு. அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சுருக்கமாகப் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். எழுந்து நின்று சொன்னாள்:

“எல்லாத்துக்கும் காரணம் செல்லாண்டிதான் சார். ஆனா அவன் இன்னைக்குப் பள்ளிக்கூடத்துக்கே வரல.”

செல்லாண்டியும் குருணையும்

மறுநாள் செல்லாண்டி வந்தான். வந்தான் என்பதைவிட, வாசலை அடைத்துக்கொண்டு நின்றான் என்பதுதான் சரி. நான்காம் வகுப்பில் அவன் ஏற்கெனவே நெடுநாள் குடியிருந்தவன். மேலுதட்டில் மீசை நிழல் தட்டியிருந்தது. அவனுக்குப் பலப்பம் வேண்டுமென்றால் கேட்க மாட்டான், கையை நீட்டுவான். நீட்டிய கையில் பலப்பம் வந்து உட்காரும். அவனுடைய பையைத் தூக்கிவர ஒருவன், சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை பறித்துவர ஒருவன். இந்த இரண்டு உத்தியோகத்தையும் ஒரே ஆளாகப் பார்த்தவன் சின்னமணி. மூன்றாம் வகுப்பு, எலும்பும் கண்ணுமாக இருப்பான். ‘குருணை’ என்று செல்லாண்டி பெயர் வைத்திருந்தான். அரிசி குத்தும்போது நொறுங்கி விழுகிற நொய்க்குச் சொல்கிற பெயர். பையைத் தூக்கி வந்தாலும் குட்டு, தூக்காவிட்டாலும் குட்டு.

பெரிய சாரிடம் சொன்னேன். அவரிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, புளிய விளார். செல்லாண்டியைக் கூப்பிட்டு, “இனிமே யாரையாச்சும் அடிப்பியா? அடிப்பியா?” என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொரு ‘அடிப்பியா’வுக்கும் ஒன்று கொடுத்தார். செல்லாண்டி கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சாயந்தரம் வாய்க்கால் கரையில் அந்த அடியெல்லாம் கணக்குப் பிசகாமல் சின்னமணிக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் நானும் பெரிய சாரும் புளியமரத்துப் பக்கம் வந்தபோது பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். வீராயிதான் பெரிய சார். தோளில் ஒரு துணி, கையில் விளார். எதிரே ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. “இனிமே யாரையாச்சும் அடிப்பியா? அடிப்பியா?” என்று வீராயி விளாசுகிறாள். சுற்றிலும் ஒரே சிரிப்பு. நான் பெரிய சாரைத் திரும்பிப் பார்த்தேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது. இவருக்கு உறைத்துவிட்டது, இனி விளாரைத் தொட மாட்டார் என்று நான் மனசுக்குள் மகிழ்ந்துகொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டார்:

“ஏய்யா, நான் துண்டை அந்தத் தோள்லயா போடுறேன்?”

தாய்மார்கள் வந்தாக

சின்னமணியின் அம்மா ராமாயி ஒருநாள் களையெடுப்பை விட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். “எம் புள்ள தலையைத் தடவிப் பாருங்க சார். கொய்யாக்கா கணக்கா வீங்கிக் கிடக்கு. நீங்க ரெண்டு பேரு இங்கன என்னத்தப் பாத்துக்கிட்டிருக்கீக?” என்று கேட்டார். செல்லாண்டியின் அம்மாவை அழைத்துவர ஆள் அனுப்பினேன்.

பேச்சியம்மாள் வந்தார். வரும்போதே புகாரோடு வந்தார். “எம் புள்ள விரல் முட்டியெல்லாம் வீங்கி, சோத்தைப் பிசைஞ்சு திங்க முடியலங்கய்யா. அந்தப் பய மண்டை அம்புட்டுக் கெட்டி. அவனை யாரு தலையக் கொண்டாந்து குடுக்கச் சொன்னது?” என்றார். அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு இடமில்லை. ஒருவருடைய வம்சத்தை மற்றவர் எடுத்து அலசினார்கள். அலசும்போது யாரோ ஒரு சின்னாத்தா பெயர் வந்தது. சட்டென்று இரண்டு பேரும் நிறுத்தினார்கள். “அட, மார்க்கையன்கோட்டைச் சின்னாத்தாளா? அது எங்க அப்பன் கூடப் பொறந்ததுல்ல?” என்றார் பேச்சியம்மாள். பிறகு குரல் தணிந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். வெற்றிலைப் பை அவிழ்ந்தது. பெரிய சார்கூடக் கொஞ்சம் பாக்கு வாங்கிக்கொண்டார்.

எழுந்து போகும்போது ராமாயி முகமெல்லாம் சிரிப்பு. சின்னமணி அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, தீர்ப்பு என்ன ஆயிற்று என்று அண்ணாந்து பார்த்தான். அவர் என்னிடம் சொன்னார்:

“விட்டுருங்க சார். செல்லாண்டி எம் புள்ளைக்கு மாமன் முறை வருதாம். முறைக்காரன் ரெண்டு குட்டு வச்சா வச்சுட்டுப் போறான்.”

பெயர் சொல்லிக் கூப்பிடும் இயக்கம்

குட்டை நிறுத்த முடியவில்லை, பட்டப்பெயரையாவது நிறுத்துவோம் என்று இறங்கினேன். இனிமேல் யாரும் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். விளைவு, பள்ளிக்கூடமே ஊமையாகிவிட்டது. ஒருவனுடைய சொந்தப் பெயர் இன்னொருவனுக்குத் தெரியவில்லை. கபடி விளையாட்டில் ‘ஏலே, டே, இந்தா, உன்னையத்தான்’ என்று கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ‘சின்னமணி’ என்று நான் ஆஜர் கூப்பிட்டால் சின்னமணியே திரும்பிப் பார்க்கவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பட்டப்பெயர் எவ்வளவு வலிக்கும் என்று ஒரு நீண்ட பிரசங்கம் செய்தேன். “என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்?” என்றும் கேட்டேன். வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. எனக்குச் சந்தேகம் தட்டியது. எனக்கும் ஒன்று வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கடைசியில் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று, மணலில் எழுதிக்கொண்டிருந்த விரலை எடுக்காமலே, “கொக்கு” என்றது. என் கால்கள் நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் நொந்துபோய் நின்றதைப் பார்த்து வீராயிக்கு இரக்கமாகிவிட்டது. ஆறுதல் சொன்னாள்:

“நாங்க அப்படிக் கூப்பிட மாட்டோம் சார். பெரிய சார்தான் அப்படிச் சொல்லுவாக.”

அட்டை

இதுவரை சிரித்துக்கொண்டு சொன்னேன். இதைச் சொல்லும்போது சிரிப்பு வருவதில்லை.

சின்னமணி பள்ளிக்கூடத்துக்கு வருவது நின்றுபோயிற்று. உடம்பு சரியில்லையோ என்று வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறவர், மாசத்துக்கு ஒருமுறை இறங்கி வருவார். அன்றைக்கு இருந்தார். “பய தெனமும் பையத் தூக்கிட்டுத்தான சார் போறான்?” என்றார். இல்லை, வருவதில்லை என்றேன். “படிப்பு ஏறலன்னா இங்கன கெடந்து என்ன செய்ய? அடுத்த நடை போகும்போது தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிர்றேன். காய் பொறுக்கட்டும்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேடிக்கொண்டு போனேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வாழைத் தோட்டத்துக்குள், சருகைக் கூட்டி மெத்தை மாதிரி போட்டு, அதன்மேல் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சின்னமணி. தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அதுவும் சரியாகப் போட்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். ஓடவில்லை. மேலே தோட்டத்தில் குளிரும் மழையும் எப்படி இருக்கும், அட்டை எப்படிக் காலில் ஏறும், அப்பா எப்போதும் மலையில் இருக்கும் வேலை எப்படிப்பட்டது என்றெல்லாம் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு எனக்குத் தைரியம் சொல்வதுபோலச் சொன்னான்:

“அட்டை பரவால்ல சார். கொஞ்சம் உப்பு வச்சா விட்டுரும்னு அப்பா சொன்னாக.”

சிரிப்பு நிறுத்தம்

பொங்கல் வரைக்கும் அவகாசம் கொடுங்கள் என்று சின்னமணியின் அப்பாவிடம் கெஞ்சி வாங்கி, அவனை மறுபடி பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தேன். அதற்குப் பிறகு செல்லாண்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவனைச் சுற்றியிருந்தவர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. செல்லாண்டி யாரையும் தனியாக வைத்து அடிப்பதில்லை. குட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் சுற்றிப் பார்ப்பான். குட்டிய பிறகு இன்னொரு தரம் பார்ப்பான், எல்லாரும் சிரிக்கிறார்களா என்று. சிரிக்காதவன் அடுத்த நாள் பை தூக்குவான். அதனால் எல்லாரும் சிரித்தார்கள்.

செல்லாண்டியைச் சந்தைக்குப் போய் சாக்பீஸ் வாங்கிவர அனுப்பிவிட்டு, மற்றவர்களை உட்காரவைத்துச் சொன்னேன். இரண்டே இரண்டு காரியம். ஒருத்தனைக் கேலி செய்தால், அடித்தால், யாரும் சிரிக்கக் கூடாது. அழுகிறவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். சண்டை போட வேண்டாம், பேச வேண்டாம், நின்றால் போதும். “எல்லாருமா நின்னா அவன் நாளைக்கு யாரைப் பை தூக்கச் சொல்லுவான்?” என்று வீராயி யோசித்துச் சொன்னாள். அது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் செல்லாண்டி வழக்கம்போல ஒரு குட்டு வைத்தான். சுற்றிப் பார்த்தான். ஒரு பல்கூடத் தெரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக வந்து சின்னமணியைச் சுற்றி நின்றார்கள். செல்லாண்டி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான், ஏதோ கெட்டுப்போய்விட்டது போல. இரண்டாம் நாளும் அதேதான். வாரக் கடைசியில் அவனுக்கே அலுத்துவிட்டது. ஆனால் என் பிள்ளைகளுக்கு அலுக்கவில்லை. ஒரு நல்ல காரியத்தைப் பிடித்தால் அதன் கழுத்தை நெரிக்காமல் விட மாட்டார்கள். சின்னமணி தண்ணீர் குடிக்கப் போனால் ஒரு ஊர்வலம். வேலியோரம் ஒதுங்கினால் சுற்றிலும் காவல். கடைசியில் சின்னமணி என்னிடம் புகாரோடு வந்தான்:

“ஒண்ணுக்கு இருக்கவாச்சும் தனியா விடச் சொல்லுங்க சார், வரமாட்டேங்குது.”

முறை மாறியது

கார்த்திகை முடிகிற சமயம் செல்லாண்டிக்கு முறைக்காய்ச்சல் என்கிற மலேரியா கண்டது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காய்ச்சல் வராத வீடு கிடையாது. கொய்னா மாத்திரையை விழுங்கிவிட்டுக் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான். பள்ளிக்கூடம் அமைதியாக இருந்தது. என் வெற்றியை நினைத்து நானே எனக்கு முதுகில் தட்டிக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போனால், சின்னமணி ஒரு ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருக்கிறான். குழந்தையின் கையில் சின்னமணியின் பை. சுற்றிலும் கோவை இலை. என்னை ‘கொக்கு’ என்று சொன்ன அதே குழந்தைதான். இருந்தாலும் நியாயம் நியாயம்தான். “நீயாடா? நீயே இப்படிச் செய்யலாமா?” என்றேன். சின்னமணிக்குத் துளிகூட அதிர்ச்சியில்லை. காதை விட்டுவிட்டு மரியாதையாகச் சொன்னான்:

“விசாரிச்சுட்டேன் சார். நான் இவனுக்கு மாமன் முறைதான்.”

கரி பஸ்ஸில் வந்தவர்

சின்னமணிக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் அந்தக் குழந்தையைச் சுற்றிப் பள்ளிக்கூடமே போய் நின்றது. தான் மட்டும் இந்தப் பக்கம் தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்பதை அவன் ஒரு பகல் முழுக்க அனுபவித்தான். சாயந்தரம் அவனாகவே போய் அந்தக் குழந்தையின் பையைத் தூக்கிக்கொண்டான்.

தை மாசத்துக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். யுத்தத்தால் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு வைத்துக் கரி போட்டு ஓட்டினார்கள். அடுப்புக்குப் பக்கத்து இடம் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு, ஜரிகைத் தலைப்பாகை, மூக்கின் நுனியில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி. பெரிய சார் பார்த்தார், நான் பார்த்தேன், சொல்ல இரண்டு பேருக்கும் தைரியமில்லை. பிள்ளைகள் பார்த்தார்கள். கன்னங்கள் உப்பின. கண்களில் நீர் முட்டியது. ஆனால் ஒருத்தர் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நேராகச் செல்லாண்டியிடம் போனார். காய்ச்சலிலிருந்து எழுந்து அன்றுதான் வந்திருந்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. “வாசி” என்றார். செல்லாண்டி எழுத்துக்கூட்டினான். முதல் வரியே தகராறு. “எருமை மாடு மாதிரி வளர்ந்திருக்கியே, வண்டியிலே பூட்டலாம் போல. எழுத்து வரலையா? உனக்கு எதுக்குடா பள்ளிக்கூடம்?” என்று சொல்லிவிட்டு வகுப்பைச் சுற்றிப் பார்த்தார், சிரிப்பை எதிர்பார்த்து. அந்தப் பார்வையை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை. சின்னமணி எழுந்தான். நடந்து போய்ச் செல்லாண்டியின் பக்கத்தில் நின்றான், அவன் இடுப்பு உயரத்தில். பிறகு வீராயி. பிறகு மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பு, கடைசியில் ஒன்றாம் வகுப்பு மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து வந்தது. ஒரு வார்த்தை இல்லை. இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்னால் போனார். “என்ன இது? என்ன கலகம்?” என்றார். பெரிய சாருக்கு வேர்த்து ஊற்றியது. எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு செய்துவிட்டேன். வீராயிதான் பணிவாகப் பதில் சொன்னாள். “கலகம் இல்லங்கய்யா. ஒருத்தரைப் பாத்துச் சிரிக்கப்படாதுன்னு சின்ன சார் சொல்லிருக்காக. நீங்க வந்ததுலேர்ந்து உங்க மூக்குல கரி இருக்கு, நாங்க யாராச்சும் சிரிச்சமா?”

இன்ஸ்பெக்டர் மூக்கைத் தொட்டு விரலைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். கரி கன்னம் வரை பரவியது. பிறகு செல்லாண்டியைப் பார்த்து, “உட்காருப்பா. நிதானமா வாசி,” என்றார். குரல் மாறியிருந்தது. செல்லாண்டி எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தை முடிக்கிறவரை நின்று கேட்டார். இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பும்போது எங்கள் இருவரிடமும் தனியாகச் சொன்னார்:

“உத்தமபாளையத்திலே இறங்கி ஒரு ஆபீஸ் முழுக்கப் பார்த்துவிட்டு வர்றேன், ஒருத்தர் சொல்லலை, நீங்களாவது சொல்லக் கூடாதாய்யா?”

வாய்க்கால் கரையில்

அதற்குப் பிறகு செல்லாண்டியும் சின்னமணியும் உயிர்த் தோழர்கள் ஆனார்கள் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆகவில்லை. பொங்கலுக்கு இறங்கி வந்த சின்னமணியின் அப்பா மகன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, தான் மட்டும் மலையேறிப் போனார். செல்லாண்டி தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தான். வருஷக் கடைசியில் நான்காம் வகுப்பைத் தாண்டினான். பெரிய சார் நம்ப முடியாமல் மறுபடி ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் வந்துபோன அன்று சாயந்தரம் நான் அவர்களுக்குப் பின்னால் வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். நான் வருவதை அவர்கள் கவனிக்கவில்லை. செல்லாண்டி திடீரென்று நின்று, “ஏலே, நீ எதுக்குலே எம் பக்கத்துல வந்து நின்ன?” என்று முறைத்தான். “அழுகுறவன் பக்கத்துல நிக்கணும்னு சார் சொல்லிருக்காகல்ல,” என்றான் சின்னமணி. “நான் எங்கலே அழுதேன்?” என்று செல்லாண்டி கையை ஓங்கினான். சின்னமணி நகரவில்லை. நின்ற இடத்திலிருந்தே அண்ணாந்து பார்த்துச் சொன்னான்:

“அழுகல. அழுகப் போன.”

ஓங்கிய கை அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியதை நான் பார்த்தேன். பிள்ளைகளைத் திருத்தியவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது, ஆனால் பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்ற பாடத்தை மட்டும், அழுகிறவனுக்காக எழுந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்த அந்த வருஷத்துக்குப் பிறகு, நான் கொஞ்சம் யோசித்துத்தான் நடத்தினேன்.